அமெரிக்க ராணுவத்தில் தீயணைப்பு வீரராக இருந்தவர் நகரத் தீயணைப்புத் துறையில் சேர மறுபடியும் அகாடமி போக வேண்டுமா?

உங்கள் கேள்வி இதுதான்: தம்பி அமெரிக்கத் தரைப்படையில் 12எம் பிரிவில், அதாவது தீயணைப்பு வீரராக, 6 ஆண்டு இருந்துவிட்டு அடுத்த வருடம் வெளியே வருகிறார். டெக்சாஸில் ஒரு நகரத் தீயணைப்புத் துறையில் சேர ஆசை. ராணுவத்தில் கற்றதை ஒப்புக்கொள்வார்களா, முதலிலிருந்து அகாடமிக்குப் போகச் சொல்வார்களா? இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவர் கையில் உள்ள சான்றிதழை மாநிலம் ஏற்குமா என்பது ஒன்று. வேலைக்கு எடுக்கும் துறை அவரை எங்கிருந்து தொடங்கச் சொல்லும் என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில், காகிதங்கள் சரியாக இருந்தால், பெரும்பாலும் ஆம். இரண்டாவது ஊருக்கு ஊர் மாறும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள். அதில் பாதிப் பேர் சொல்வது உண்மையாகவும் இருக்கும், உங்கள் தம்பிக்குப் பொருந்தாமலும் இருக்கும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதை எடுத்துக்கொள்வோம். தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றின் தீயணைப்பு வீரர்களும் அடிப்படைப் பயிற்சி பெறுவது டெக்சாஸின் சான் ஆஞ்சலோவில், குட்ஃபெலோ விமானப்படைத் தளத்தில் இருக்கும் லூயிஸ் எஃப். கார்லண்ட் பாதுகாப்புத் துறைத் தீயணைப்பு அகாடமியில். இல்லினாய்ஸின் சானூட் தளம் 1993இல் மூடப்பட்டபோது பயிற்சி இங்கே வந்தது. ஏறத்தாழ 3 மாதப் படிப்பு. ராணுவத்துக்கென்று தனியாக ஒரு பாடத்திட்டம் இல்லை. நகரத் தீயணைப்பு வீரர்களுக்கான அதே என்எஃப்பிஏ (அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்) தகுதி விதிகளின்படிதான் சொல்லிக்கொடுத்துத் தேர்வும் வைக்கிறார்கள். முடித்து வருபவர் கையில் வழக்கமாக இருப்பவை ஃபயர்ஃபைட்டர் 1, ஃபயர்ஃபைட்டர் 2, அபாயப் பொருள் விழிப்புநிலை, அபாயப் பொருள் செயல்நிலை, விமான நிலையத் தீயணைப்பு வீரர் ஆகிய சான்றிதழ்கள்.

இந்தச் சான்றிதழ்களுக்கு மதிப்பு தருவது ராணுவத்தின் பெயர் அல்ல, அதில் இருக்கும் அங்கீகாரம். தீயணைப்புத் தேர்வுகளை நடத்தும் அமைப்புகளுக்கு அங்கீகாரம் கொடுப்பவர்கள் இரண்டு பேர்: ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கும் இஃப்சாக், 1972இல் தொடங்கிய ப்ரோ போர்டு. பாதுகாப்புத் துறையின் சான்றளிப்புத் திட்டத்துக்கு இரண்டின் அங்கீகாரமும் உண்டு. அதனால் தம்பியின் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் தொடர் எண் போட்ட முத்திரை இருக்க வேண்டும். அந்த எண்ணைத்தான் மாநில அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் பதிவேட்டில் தட்டிப் பார்ப்பார். 6 வருடம், 2 வெளிநாட்டுப் பணி, நற்சான்றுப் பதக்கம் எல்லாம் அவருக்குப் பெருமைதான். ஆனால் விண்ணப்பத்தை நகர்த்துவது அந்த எண்தான். அகாடமி விழா மேடையில் கொடுக்கும் 'பயிற்சியை முடித்தார்' என்கிற காகிதமும் இந்தச் சான்றிதழும் வேறு வேறு. முதல் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு இரண்டாவதைத் தொலைத்தவர்கள் நிறைய. தொலைந்திருந்தாலும் பயம் வேண்டாம், பாதுகாப்புத் துறையின் பதிவில் இருக்கும், நகல் கேட்டு வாங்கலாம். ஆனால் பெயர் ஒத்துப்போக வேண்டும். தமிழ்ப் பெயர்களில் இது அடிக்கடி இடிக்கிற இடம்: முதலெழுத்து முன்னால் வந்ததா, அப்பா பெயர் கடைசிப் பெயராகப் போனதா, குடியுரிமை வாங்கும்போது பெயரைச் சுருக்கினாரா என்று பாருங்கள். சான்றிதழில் ஒரு பெயரும் ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு பெயரும் இருந்தால் அதை ராணுவத்தில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது சுலபம். வெளியே வந்தபிறகு அதே வேலைக்குப் பல வாரம் ஆகும்.

இப்போது டெக்சாஸ். அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யும் நகராட்சித் தீயணைப்பு வீரர்களுக்குச் சான்று வழங்குவது டெக்சாஸ் தீப் பாதுகாப்பு ஆணையம். அடிப்படைக் கட்டடத் தீயணைப்புச் சான்று பெற அவர்கள் வைத்திருக்கும் வழிகளில் ஒன்று, ஆணையம் ஒப்புக்கொண்ட அகாடமியில் முழுப் படிப்பையும் முடிப்பது. இன்னொன்று, வெளியே பெற்ற அங்கீகார முத்திரைகளைக் காட்டுவது. உங்கள் தம்பிக்கு இரண்டாவது வழி. அதற்கு ஃபயர்ஃபைட்டர் 1, 2, அபாயப் பொருள் விழிப்புநிலை, செயல்நிலை நான்கும் வேண்டும். இங்கே ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது, பலர் தடுக்கி விழுவது இதில்தான். செயல்நிலை என்று மட்டும் இருந்தால் போதாது. அதோடு தற்காப்பு உடை, கசிவுக் கட்டுப்பாடு என்ற இரண்டு சிறப்புத் திறன்களும் சேர்ந்திருக்க வேண்டும் என்று டெக்சாஸ் விதி கேட்கிறது. பழைய சான்றிதழ்களில் இந்த இரண்டும் தனியாகக் குறிப்பிடப்படாமல் இருக்கலாம். அப்படியிருந்தால் அந்த இரண்டுக்கு மட்டும் குறுகிய வகுப்பும் தேர்வும் எழுதினால் சரியாகிவிடும். முழு அகாடமிக்கும் போகத் தேவையில்லை. இவை தவிர அவசர மருத்துவப் பயிற்சிக்கான சான்று, கைரேகை வழியான குற்றப் பின்னணிச் சோதனை, கட்டணம் உண்டு. ராணுவத்தில் இருந்தவர்களின் பயிற்சியைக் கணக்கில் எடுக்க வேண்டும், கட்டணச் சலுகை தர வேண்டும் என்று டெக்சாஸ் தொழில் சட்டத்தின் 55ஆம் அத்தியாயம் சொல்கிறது. விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள், கேட்காதவருக்கு யாரும் தேடிப்பிடித்துத் தருவதில்லை.

என்எஃப்பிஏ விதி எண்கள் மாறியிருப்பதும் குழப்பும். ஃபயர்ஃபைட்டர் 1, 2க்கு நெடுங்காலம் 1001 என்ற எண். 2024 பதிப்பில் அதையும், பம்ப் ஓட்டுநருக்கான 1002ஐயும், விமான நிலையத்துக்கான 1003ஐயும் சேர்த்து 1010 என்று ஒரே விதியாக்கிவிட்டார்கள். அபாயப் பொருளுக்கு 472 என்றும், பிறகு 1072 என்றும், இப்போது 470 என்றும் பார்ப்பீர்கள். தம்பியின் காகிதத்தில் பழைய எண் இருப்பதால் அது காலாவதி ஆகிவிடாது. இஃப்சாக், ப்ரோ போர்டு முத்திரைகளுக்குத் தானாகக் காலாவதி கிடையாது. ஆனால் 'சமீபத்தில் பெற்றிருக்க வேண்டும்' என்று ஒரு மாநிலமோ துறையோ தன் பங்குக்கு நிபந்தனை வைக்கலாம்; வெளியே வந்து சில வருடம் சும்மா இருந்தவர்களை மறுதேர்வு எழுதச் சொல்வது இதனால்தான். வெளியே வந்தவுடன் மாநிலச் சான்றை வாங்கிவிடச் சொல்வதற்கும் இதுவே காரணம், வேலை பிறகு கிடைத்தாலும் பரவாயில்லை.

டெக்சாஸை விட்டு வேறு மாநிலம் யோசித்தால் நிலைமை வேறு. ஃபுளோரிடாவில் மாநிலத்தின் குறைந்தபட்சப் படிப்பே 492 மணி நேரம். வெளியே பயிற்சி பெற்றவர் தன் பயிற்சி அதற்கு இணையானது என்று காட்டி, பிறகு மாநிலத்தின் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுத வேண்டும். செய்முறைத் தேர்வைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ராணுவத்தில் 4 வருடமாக ஏணியைத் தொடாமல் விமானத் தீயணைப்பு வண்டியிலேயே இருந்தவர் அங்கே போய்த் திணறுவார். இது திறமைக் குறைவு இல்லை, பழக்கம் விட்டுப்போனது. தேர்வுக்கு முன் ஒரு வாரப் புத்துணர்ச்சிப் பயிற்சி எடுத்துக்கொள்வது வீண் செலவு இல்லை.

சான்றிதழ்களோடு 3 காகிதங்கள் வேண்டும். ராணுவப் பணியிலிருந்து விடுவிக்கும் படிவமான டிடி-214இல் 'மெம்பர்-4' என்ற பிரதி: எந்த வகையில் விடுவிக்கப்பட்டார் என்பது இதில்தான் இருக்கும், சுருக்கப் பிரதியில் இருக்காது. 11ஆம் கட்டத்தில் அவருடைய பணிப் பிரிவும் 14ஆம் கட்டத்தில் ராணுவப் படிப்புகளும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து டிடி-2586, ராணுவ அனுபவத்தையும் பயிற்சியையும் விவரிக்கும் படிவம். மூன்றாவது, ராணுவத்தில் படித்ததைக் கல்லூரிகளுக்குக் காட்டும் கூட்டுப்படை மதிப்பெண் பட்டியல். விமானப்படையினருக்கு அதற்குப் பதில் அவர்களுடைய சமுதாயக் கல்லூரியின் பட்டியல். கடைசி இரண்டும் கல்லூரிப் படிப்பில் கணக்கில் எடுத்துக்கொள்ளச் செய்வதற்கும் அனுபவத்தை விளக்குவதற்கும் பயன்படும். சான்றிதழுக்குப் பதிலாக அவற்றை நீட்டினால் எடுபடாது.

தம்பி 12எம் என்பதால் மேலே சொன்னது அவருக்கு அப்படியே பொருந்தும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: கடற்படையில் கப்பலின் சேதக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவர்களும் விமானத் தளத்தில் விபத்துக் குழுவில் இருந்தவர்களும் நிஜமான தீயோடு மல்லுக்கட்டியவர்கள்தான், கப்பலின் அடித்தளத் தீ கட்டடத் தீயைவிடக் கொடியது. ஆனால் அந்தப் பணிப் பயிற்சியோடு ஃபயர்ஃபைட்டர் 1, 2 சான்றிதழ் தானாக வருவதில்லை. அது இல்லாவிட்டால் பெரும்பாலும் வெளி அகாடமிக்குப் போகத்தான் வேண்டும். இது நியாயமாகத் தெரியாது, ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி, வேலைக்கு எடுக்கும் துறை. பெரிய நகரங்கள் பலவற்றில் ஏற்கெனவே சான்று வைத்திருப்பவரையும் தங்கள் அகாடமியில் முழுதாக உட்கார வைப்பார்கள். காரணம் சான்றிதழ்மேல் சந்தேகம் இல்லை. தங்கள் வண்டியில் குழாய் எப்படி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, ரேடியோவில் எப்படிப் பேச வேண்டும், முதலில் வரும் வண்டி என்ன செய்யும், இரண்டாவது என்ன செய்யும் என்பதில் எல்லோரும் ஒரே மாதிரி இயங்க வேண்டும் என்பதுதான். நடுத்தர, சிறு நகரங்கள் சில, சான்று உள்ளவர்களைச் சில வார அறிமுகப் பயிற்சியோடு நேரே ஸ்டேஷனுக்கு அனுப்பும். விளம்பரத்தில் 'சான்று பெற்றவர்கள்' என்று தனியாக அழைத்திருந்தால் அது இரண்டாவது வகை. அகாடமியில் உட்கார்ந்தாலும் நஷ்டம் இல்லை, சம்பளம் உண்டு. ஒன்றை மட்டும் தம்பி மனதளவில் ஏற்றுக்கொள்ள வேண்டும்: ராணுவத்தில் சார்ஜன்ட்டாக ஒரு குழுவையே நடத்தியிருந்தாலும் நகரத்தில் தகுதிகாண் வீரராகத்தான் தொடங்குவார். தீயணைப்பு அதிகாரி, பயிற்றுநர், பம்ப் ஓட்டுநர் சான்றுகள் கையில் இருந்தால் அவை பதவி உயர்வுக் காலத்தில் கைகொடுக்கும். முதல் நாளில் அவற்றைப் பேசாமல் இருப்பது நல்லது. ஸ்டேஷனில் புதியவரை எடைபோடுவது அவர் வேலை செய்கிற விதத்தை வைத்துத்தான்.

வயதையும் பாருங்கள். டெக்சாஸில் உள்ளாட்சிச் சட்டத்தின் 143ஆம் அத்தியாயத்தை ஏற்ற நகரங்களில் 36 வயது ஆனவரைத் தொடக்கநிலைத் தீயணைப்புப் பணிக்குத் தகுதிப்பட்டியலில் சேர்க்க முடியாது. அதே அத்தியாயம், நல்ல முறையில் ராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர் நுழைவுத் தேர்வில் தேறியிருந்தால் 5 மதிப்பெண் கூடுதலாகத் தருகிறது. ஓரிரு மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானோர் நிற்கும் பட்டியலில் இந்த 5 பெரிய விஷயம்.

உடல்திறனில் ராணுவத் தேர்வு மதிப்பெண் செல்லாது. பல துறைகள் கேட்பது சிபேட் எனப்படும் தேர்வு. 8 நிலையங்கள், 10 நிமிடம் 20 நொடி, முழுக்க 50 பவுண்டு எடையுள்ள மேலங்கியோடு. முதல் நிலையமான படியேற்றத்தில் தோளில் இன்னும் 25 பவுண்டு ஏற்றுவார்கள். 20 நொடி முன்னோட்டம், பிறகு நிமிடத்துக்கு 60 படி வீதம் 3 நிமிடம், கைப்பிடியைப் பிடிக்கக் கூடாது. நல்ல ஓட்டக்காரர்கள்கூடத் தோற்பது இங்கேதான், ஏனென்றால் 75 பவுண்டைச் சுமந்து ஏறுவது தொடையின் வேலை, ஓட்டப் பயிற்சி அதற்கு உதவாது. இறங்கியதும் கால் நடுங்கும். அதே காலோடு குழாயைத் தோளில் போட்டு 75 அடி இழுத்து, டிரம்மைச் சுற்றித் திரும்பி இன்னும் 25 அடி ஓட வேண்டும். பிற்பகுதியில் 165 பவுண்டு பொம்மையை இழுக்க வேண்டும், கடைசியில் கூரையைக் குத்தி இழுக்கும் நிலையம். அதில் கை சோர்ந்து நிற்பவர்கள் பலர், காரணம் பிடிவலிமையை முன்னாலேயே செலவழித்துவிடுவது. 8 வாரம் முன்பே, எடை மேலங்கியோடு படியேறும் பயிற்சியை வாரம் 3 முறை செய்தால் போதும். தேர்வில் தேறிய அட்டை வழக்கமாக ஓராண்டு செல்லும், சில துறைகள் 6 மாதம்தான் ஏற்கும், எனவே ரொம்ப முன்னால் எழுதிவிட வேண்டாம்.

மருத்துவப் பரிசோதனை இன்னொரு தடை. ராணுவத்தில் காது, முதுகு, முழங்கால் கெட்டு ஊனமதிப்பீடு வாங்கியிருந்தால் அந்தச் சதவீதமே வேலையைத் தடுக்காது. அந்தக் குறையோடு மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு வேலை செய்ய முடியுமா என்பதைத் துறையின் மருத்துவர்தான் முடிவு செய்வார். அதை இங்கிருந்து யாரும் ஊகிக்க முடியாது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது மருத்துவச் சான்று. குட்ஃபெலோவில் கிடைப்பது பெரும்பாலும் முதல் உதவியாளர் நிலையான இஎம்ஆர். நகரத் துறைகள் குறைந்தது அதற்கு அடுத்த நிலையான இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) கேட்கும், பல இடங்களில் அதற்கும் மேல்நிலையான பாராமெடிக் சான்று உள்ளவருக்கே முன்னுரிமை. நகர ஸ்டேஷனுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் மருத்துவ அழைப்புகள்தான், தீ அல்ல. தம்பியிடம் தேசியப் பதிவேட்டின் இஎம்டி சான்று இருந்தால் அதை 2 ஆண்டுக்கு ஒருமுறை 40 மணி நேரத் தொடர்கல்வியோடு புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். விட்டுவிட்டால் திரும்பப் பிடிப்பது தொல்லை. இல்லையென்றால், வெளியே வருமுன் முடிக்க வேண்டிய ஒரே ஒரு படிப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வேலைத் திறனிலும் இடைவெளி இருக்கும், அதை ஒளிக்கக் கூடாது. ராணுவத் தளத்தில் எரிபொருள் தீ, நுரை, விமானத்திலிருந்து ஆளை வெளியே எடுப்பது எல்லாம் கைவந்த கலையாக இருக்கும். நகரத்தில் வேண்டியது வேறு: மூன்றாம் மாடிக் குடியிருப்பில் குழாயைத் திருப்பங்களில் சிக்காமல் கொண்டுபோவது, கட்டடத்தின் நிலைக்குழாயில் இணைத்து அழுத்தம் பார்ப்பது, கூரையைத் திறந்து புகையை வெளியேற்றுவது, ஜன்னலில் வரும் புகையின் நிறத்தையும் வேகத்தையும் பார்த்து உள்ளே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணிப்பது. இவற்றைப் பழக நல்ல வழி, இப்போதே தளத்துக்குப் பக்கத்தில் உள்ள தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தில் சேர்வது. டெக்சாஸில் தன்னார்வலருக்கு ஆணையச் சான்று கட்டாயமில்லை.

நகரம் ஒன்றே வழி என்று நினைக்க வேண்டாம். ராணுவத் தளங்களில் சிவிலியன் தீயணைப்பு வீரர்களாக, கூட்டாட்சி அரசின் தீயணைப்புப் பணிப் பிரிவான ஜிஎஸ்-0081இல் ஆள் எடுப்பார்கள். அங்கே அவருடைய சான்றிதழ்கள் அப்படியே செல்லும், முன்னாள் படைவீரர் முன்னுரிமையும் உண்டு. அந்தப் பணிக்கு 37 என்று இருக்கும் நுழைவு வயது வரம்பும் முன்னுரிமை பெற்ற படைவீரருக்குத் தளர்த்தப்படுகிறது. பயணிகள் விமான நிலையங்கள் இன்னொரு கதவு. கூட்டாட்சி விமான விதி 139இன்படி முதல் வண்டி 3 நிமிடத்துக்குள் தொலைவான ஓடுபாதையின் நடுப்புள்ளியை எட்ட வேண்டும், ஒவ்வொரு வீரரும் 12 மாதத்துக்கு ஒருமுறை நிஜத் தீயோடு பயிற்சி செய்ய வேண்டும். விமானத் தீ தெரிந்தவருக்கு அங்கே நேரடி மதிப்பு. காட்டுத்தீப் பணி மட்டும் தனி உலகம்: அதற்குக் காட்டுத்தீப் பணித் தகுதியைக் காட்டும் சிவப்பு அட்டையும், 45 பவுண்டு சுமையோடு 45 நிமிடத்தில் 3 மைல் நடக்கும் தேர்வும் வேண்டும், ராணுவச் சான்று அங்கே உதவாது.

இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்பது அவருடைய பெரிய வசதி. முதல் வேலை, பாதுகாப்புத் துறைச் சான்றளிப்புப் பதிவில் தன் பெயரில் என்னென்ன சான்று இருக்கிறது என்று பார்த்து, மேலே சொன்ன இரண்டு சிறப்புத் திறன்கள் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது. குறை இருந்தால் தளத்தின் தீயணைப்புத் தலைமையகத்தில் உள்ள பயிற்சி அதிகாரி மூலம் இப்போதே தேர்வுக்கு ஏற்பாடு செய்யலாம், வெளியே போனபின் அந்தக் கதவு மூடிவிடும். இஎம்டி படிப்புக்கும் தேர்வுக்கும் சான்றிதழ் பெற உதவும் தரைப்படையின் கூல் திட்டத்தில் பணம் கேட்கலாம். பின்னாளில் படைவீரர்களுக்கான கல்விச் சலுகையான ஜிஐ பில் வழியாகவும் சான்றுத் தேர்வு ஒன்றுக்கு 2,000 டாலர் வரை கிடைக்கும், அந்த அளவு அவருடைய கல்விச் சலுகையில் கழியும். பணியின் கடைசி 180 நாளுக்குள், வெளி வேலைக்குப் பழக்கும் ராணுவத்தின் ஸ்கில்பிரிட்ஜ் திட்டத்தில் ஒரு தீயணைப்புத் துறையோடு பயிற்சி வேலை பார்க்க முடியும், அதற்கு அவருடைய கமாண்டரின் ஒப்புதல் வேண்டும். ஆள் பற்றாக்குறையில் பிரிவுகள் மறுப்பதுண்டு, அதனால் விண்ணப்பத்தைச் சீக்கிரம் கொடுக்கச் சொல்லுங்கள். போக நினைக்கும் 4, 5 நகரங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றின் ஆள்சேர்ப்புப் பிரிவிடமும் இந்த ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேட்கட்டும்: 'ஆணையத்தின் அடிப்படைச் சான்றும் இஎம்டியும் உள்ளவர் உங்கள் முழு அகாடமியில் சேர வேண்டுமா, குறுகிய பயிற்சி போதுமா?' வாயால் சொன்ன பதிலை நம்பி வீடு பார்க்க வேண்டாம். எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.